பெட்ரோல் தொட்டியில் துரு

பழைய மோட்டார் சைக்கிளை ஆண்டுக்கணக்கில் திண்ணையோரம் நிறுத்தி வைத்துவிட்டு, ஒருநாள் மீண்டும் ஓட்ட முனைவோர் பெரும்பாலும் ஒரே வகையான தொல்லையைச் சந்திக்கின்றனர். இஞ்சின் கிளம்புகிறது, சிறிது தூரம் ஓடுகிறது, பிறகு திணறி நின்றுவிடுகிறது. கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தால் சரியாகிறது. மறுநாள் மீண்டும் அதே கதை! குற்றம் கார்புரேட்டரில் இல்லை. அதற்கு மேலே, பளபளக்கும் வண்ணப்பூச்சுக்குள் மறைந்திருக்கும் பெட்ரோல் தொட்டியில் இருக்கிறது.

கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட் என்னும் துளையின் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். தொட்டியின் உட்சுவரிலிருந்து உதிரும் துருத்தூள் அதை எளிதில் அடைத்துவிடும். 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட், 1961 முதல் 1996 வரை மைசூரில் உருவான ஜாவா, எஸ்டி வண்டிகள், 1985 முதல் 1996 வரை வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவை இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. இவற்றின் தொட்டிகள் யாவும் மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனவை. எஃகு இருக்கும் இடத்தில் துருவும் வரத்தான் செய்யும். அது எப்படி வருகிறது, எவ்வாறு நீக்குவது, நீக்கும்போது உயிருக்கு ஆபத்து நேராமல் காப்பது எப்படி என்பவற்றை இங்குக் காண்போம்.

துரு ஒரு மின்கலம்

இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இது பாதி உண்மையே. உலர்ந்த காற்றில் இரும்பு துருப்பிடிப்பதில்லை. காற்று நீக்கிய நீரிலும் துருப்பிடிப்பதில்லை. இரண்டும் சேர வேண்டும். ஏனெனில் துருப்பிடித்தல் என்பது அடிப்படையில் ஒரு மின் நிகழ்ச்சி.

இரும்புப் பரப்பின் மேல் ஒரு நீர்த்துளி இருப்பதாகக் கொள்வோம். ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓடி வேறோர் இடத்தை அடைகின்றன. அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. உலோகத்தின் வழியே எலெக்ட்ரான்களும், நீரின் வழியே அயனிகளும் ஓடுவதால் மின்சுற்று முழுமையடைகிறது. டார்ச் விளக்கின் மின்கலத்தில் நடப்பதும் இதுவே. வேறுபாடு என்னவெனில், இங்கு விளக்கு எரிவதில்லை, தொட்டி கரைகிறது.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யு. ஆர். எவான்ஸ் என்னும் அறிஞர் 1920களில் உப்பு நீர்த்துளியைக் கொண்டு ஒரு முக்கியமான உண்மையைக் காட்டினார். துளியின் விளிம்பில் காற்று எளிதாகப் புகுவதால் ஆக்சிஜன் மிகுதி. நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் மிகுந்த விளிம்புதான் அதிகம் அரிக்கப்படும் என்று நாம் நினைப்போம். நடப்பதோ நேர்மாறு. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில்தான் இரும்பு கரைந்து குழி விழுகிறது. துரு மட்டும் இடையில் வளையமாகப் படிகிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். உப்புத்தாளால் நன்கு தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்பு நீரை இட்டு, சில மணி நேரம் உலராமல் மூடி வையுங்கள். பிறகு துடைத்துவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்.

தொட்டியின் அடியில் தங்கும் நீர்த்துளிக்குக் கீழும், பழைய துருக்குவியலுக்குக் கீழும் ஆக்சிஜன் குறைவு. எனவே அங்கேதான் தகடு உள்ளே உள்ளேயென்று குழிந்து, இறுதியில் ஊசித்துளை விழுகிறது. 'மேலே பெட்ரோல் மூடியிருக்கிறதே, நீருக்கு ஆக்சிஜன் எங்கிருந்து கிடைக்கும்?' என்று கேட்கலாம். பெட்ரோலில் ஆக்சிஜன் நீரில் கரைவதைவிடப் பல மடங்கு கரையும்! ஆகவே பெட்ரோல் மூடியிருப்பதால் அடியில் உள்ள நீர் தீங்கற்றதாகி விடுவதில்லை.

இன்னொரு செய்தி. துரு, தான் தோன்றக் காரணமான இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே அது தகட்டோடு ஒட்டி நின்று காப்பதில்லை. உப்பிப் பிளந்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படுகிறது. அலுமினியத்தின் ஆக்சைடு அதற்குக் கவசம். இரும்பின் துருவோ திறந்த கதவு.

நீர் எங்கிருந்து வருகிறது?

'காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து தொட்டிக்குள் தண்ணீராகிறது' என்று பலரும் கூறுவர். எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட்டுப் பார்ப்போமே! 14 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு காலித் தொட்டி. பகலில் 35 டிகிரி, இரவில் 25 டிகிரி செல்சியஸ். பத்து டிகிரி குளிரும்போது உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப மூடியிலுள்ள காற்றுத்துளை வழியே சுமார் அரை லிட்டர் வெளிக்காற்று உள்ளே நுழையும். 25 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றில் லிட்டருக்கு 23 மில்லிகிராம் நீராவி இருக்கும். ஆக, ஓர் இரவில் வருவது 11 மில்லிகிராம் அளவே. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் நான்கு கிராம்தான். அதிலும் ஒரு பகுதி பகல் வெப்பத்தில் வெளியேறிவிடும். தொட்டியில் சிறிது பெட்ரோல் இருந்தால், இரவில் அதன் ஆவியும் சுருங்குவதால் இந்த 'மூச்சு' சில மடங்கு பெரிதாகும். அப்போதும் அளவு சிறியதே.

ஆகவே தொட்டியின் அடியில் கரண்டிக் கணக்கில் தண்ணீர் கிடந்தால், அது பெரும்பாலும் மூடியின் வழியே வந்தது. ஆண்டுகள் பல கடந்தால் மூடியின் ரப்பர் வாஷர் இறுகி வெடித்துவிடும். மழை நீரும் வண்டி கழுவும் நீரும் மூடியைச் சுற்றித் தேங்கி, மெல்ல உள்ளே இறங்கும். துருவை எதிர்க்கும் முதல் ஆயுதம் சில ரூபாய் விலையுள்ள அந்த வாஷர்தான்!

அப்படியானால் காற்றின் ஈரம் தீங்கற்றதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அந்தத் தொட்டியின் உட்பரப்பு ஏறத்தாழ 3500 சதுர சென்டிமீட்டர். 11 மில்லிகிராம் நீரை அதன் மேல் சீராகப் பரப்பினால், நூறு நீர் மூலக்கூறுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தடிமன் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத படலம்தான். ஆனால் மின்சுற்றை முடிக்க இதுவே போதும். தொட்டியின் மேல்பகுதி முழுதும் மெல்லிய செந்நிறத் துரு படர்வதற்கு இந்தப் படலமே காரணம். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலுள்ள உப்பும் சேர்ந்துகொள்வதால் படலத்தின் மின்கடத்தும் திறன் கூடுகிறது. அரிப்பும் விரைகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை 720 முதல் 775 கிராம். நீரின் எடை 1000 கிராம். எனவே நீர் எப்போதும் அடியிலேயே தங்கும். பெட்ரோல் காக்கின் குழாய் தொட்டியின் தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்பதால், அடியிலுள்ள நீர் தானாக வெளியேறுவதில்லை. ரிசர்வுக்குத் திருப்பியவுடன் வண்டி திணறினால், நீரும் துருவும் மேலே வரத் தொடங்கிவிட்டன என்று அறியலாம்.

இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நம் நாட்டில் 2025ஆம் ஆண்டில் இக்கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் நீரோடு எளிதில் கலக்கும். சிறிதளவு நீர் இருந்தால் அதைத் தன்னுள் கரைத்துக்கொண்டு இஞ்சினுக்கு அனுப்பிவிடும், இது நன்மையே. அளவு மிஞ்சினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கும். அவ்வடுக்கு மின்சாரத்தைக் கடத்தும், அரிப்பையும் வளர்க்கும். எனவே ஓடாத வண்டியில் பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைப்பது நல்லதன்று.

காலித் தொட்டியே கொடியது

பழுது பார்க்கும் முறைகளுக்குச் செல்லுமுன் ஒரு கேள்வி. பெட்ரோல் நிறைந்த தொட்டி, காலியான தொட்டி, இவற்றுள் எதனருகில் தீ செல்வது அதிக ஆபத்து? நிறைந்த தொட்டி என்றே பலரும் விடை கூறுவர். இந்த விடையை நம்பியதால் பட்டறைகளில் உயிரிழந்தோர் உண்டு.

பெட்ரோல் நீர்ம நிலையில் எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. அதுவும் எல்லா அளவிலும் எரியாது. காற்றில் ஆவியின் பங்கு சுமார் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும்போதே எரியும். பெட்ரோல் உள்ள தொட்டியின் உட்புறத்தில், நம் ஊர் வெப்பத்தில், ஆவி இந்த மேல் எல்லையைத் தாண்டியிருக்கும். அங்கு எரியப் போதிய காற்று இல்லை. தீ பற்றினால் தொட்டியின் வாயில்தான் பற்றும். பெட்ரோலை வடித்துவிட்டு மூடியைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே புகுகிறது. ஆவியின் பங்கு குறைந்து குறைந்து, சரியாக வெடிக்கும் எல்லைக்குள் வந்து நிற்கிறது!

14 லிட்டர் தொட்டி வெடிக்கும் நிலையை அடைய எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? 14 லிட்டரில் 1.4 சதவீதம் என்பது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் ஆவி. அதைத் தருவதற்கு ஒரே ஒரு மில்லிலிட்டர் நீர்மப் பெட்ரோல் போதும். அதாவது இருபது சொட்டு. இந்த இருபது சொட்டும் தொட்டியின் மடிப்புகளிலும், பஞ்சு போன்ற துரு அடுக்கிலும் ஊறிக் கிடக்கும். மூக்குக்கு வாசனை தெரியாமல் இருக்கலாம். வெல்டிங் சூடு பட்டவுடன் அது ஆவியாகி வெளிவரும்.

எனவே சில விதிகளை மீறவே கூடாது. பழைய பெட்ரோலைத் திறந்த வெளியில் மட்டுமே வடிக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவில் எரியும் அடுப்பையும் எட்டும். தொட்டிக்குள் பார்க்கத் தீக்குச்சி கொளுத்தக் கூடாது. சோப்பு கரைத்த வெந்நீரால் பலமுறை கழுவிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

துருவை நீக்கும் மூன்று வழிகள்

முதலாவது, தேய்த்து உதிர்த்தல். பெட்ரோல் காக்கைக் கழற்றி, அத்துளையை அடைத்துவிட்டு, தொட்டிக்குள் சோப்பு நீரையும் ஒரு கைப்பிடி நட்டுகளையும் போட்டுக் குலுக்குவது மெக்கானிக்குகளின் பழைய முறை. உதிரும் நிலையிலுள்ள துருவுக்கு இது ஏற்றது. உள்ளே போடும் நட்டுகளை எண்ணிப் போட்டால், எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று ஐயமின்றி அறியலாம். நீரில்லாமல் உலர்ந்த நிலையில் குலுக்கக் கூடாது. உலோகம் உரசும் பொறி, எஞ்சிய ஆவியைப் பற்ற வைக்கலாம்.

இரண்டாவது, அமிலத்தில் கரைத்தல். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவோர் உண்டு. துரு விரைவில் கரைவது உண்மைதான். ஆனால் அது நல்ல இரும்பையும் தின்று, எரியக்கூடிய ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. மடிப்புகளில் எஞ்சும் குளோரைடு உப்பு, புதிய துருவுக்கு வித்தாகிறது. அரிக்கப்பட்டு மெலிந்த தகட்டுக்கு இது தகாது.

மென்மையான அமிலங்களே நல்லவை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்துத் தொட்டியை நிரப்பி, ஓர் இரவு வைக்கலாம். 14 லிட்டருக்கு 700 கிராம் போதும். சிட்ரிக் அமிலம் இரும்பு அயனியைப் பிடித்துக்கொண்டு கரைசலில் வைத்திருக்கும் ஆற்றலுடையது. புளியால் பித்தளைப் பாத்திரம் துலக்கும்போது வேலை செய்வதும் இதே இனத்தைச் சேர்ந்த டார்டாரிக் அமிலந்தான். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மூடியை இறுக்காமல் விட வேண்டும். அமிலம் வண்ணப்பூச்சின் மேல் வழியாமல் காக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நல்ல இரும்பும் கரையத் தொடங்கும்.

பாஸ்பாரிக் அமிலத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி, தகட்டின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை அது விட்டுச் செல்கிறது. ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகத் திறந்த வெளியில் நிற்கும் டெல்லி இரும்புத்தூணின் நிலைப்புக்கும், அதன் இரும்பிலுள்ள மிகுதியான பாஸ்பரசால் உருவான பாஸ்பேட் படலமே காரணம் என ஐ.ஐ.டி. கான்பூரைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார்.

மூன்றாவது, மின்னாற்பகுப்பு. துரு ஒரு மின் நிகழ்ச்சி என்றால், மின்சாரத்தைக் கொண்டே அதைத் திருப்ப முடியுமல்லவா? தொட்டியில் நீரை நிரப்பி, லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் வரை சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டும். ஓர் இரும்புக் கம்பியைத் தொட்டியில் எங்கும் படாதவாறு உள்ளே தொங்கவிட வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நேர்முனையைக் கம்பியோடும், எதிர்முனையைத் தொட்டியோடும் இணைக்க வேண்டும். தொட்டியை நோக்கி எலெக்ட்ரான்கள் பாய்வதால் துருவின் ஒரு பகுதி கருநிற ஆக்சைடாக மாறித் தளர்கிறது. தகட்டின் மேல் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அதைப் பெயர்த்துவிடுகின்றன. நல்ல இரும்பு கரைவதில்லை. இதுவே இம்முறையின் பெருமை.

முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் விளைவும் தலைகீழாகும். ஃபாரடேயின் விதிப்படி, ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஒரு கிராமுக்குச் சற்று மேலான இரும்பு கரையலாம். நேராக இணைத்தாலும் அதே மின்னோட்டம் 400 மில்லிலிட்டருக்கு மேல் ஹைட்ரஜனைத் தரும். இரண்டு ஆம்பியரில் ஆறு மணி நேரம் என்றால் ஐந்து லிட்டர்! ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் எரியும். எனவே இவ்வேலையைக் கூரையில்லாத இடத்தில், பெட்ரோல் நீங்கக் கழுவிய தொட்டியில் மட்டுமே செய்ய வேண்டும். சார்ஜரை நிறுத்திய பிறகே கம்பிகளைத் தொட வேண்டும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் நச்சு வாயுவான குளோரின் வரும். எவர்சில்வர் கம்பியைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் நீரில் கரையும். இரண்டையும் தவிர்க்க வேண்டும். கம்பிக்கு நேரெதிரேயுள்ள பரப்பே நன்கு தூய்மையாகும் என்பதால், கம்பியை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும்.

கழுவிய பின் அரைமணி நேரம்

துருவை நீக்கியவுடன் வேலை முடிந்ததென்று ஓய்வெடுப்பவர், மறுநாள் தொட்டி மீண்டும் செம்மஞ்சளாக இருப்பதைக் கண்டு திகைப்பர். துரு நீங்கிய ஈர இரும்பைப் போல் விரைவாகத் துருப்பிடிக்கும் பொருள் வேறில்லை. சில நிமிடங்களிலேயே மஞ்சள் படரத் தொடங்கிவிடும். பழுது பார்ப்பதன் வெற்றி இந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது.

அமிலத்தை வடித்தவுடன் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, எஞ்சிய அமிலத்தைப் போக்க வேண்டும். பிறகு நல்ல வெந்நீரால் அலச வேண்டும். வெந்நீர் பட்ட தகடு தன் சூட்டாலேயே விரைந்து உலரும். உடனே தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றைச் செலுத்த வேண்டும். உச்சிவெயிலும் உதவும். முழுதும் உலர்ந்ததும் சிறிது இஞ்சின் எண்ணெயை ஊற்றி எல்லாப் பக்கமும் படியுமாறு உருட்டி வடித்துவிடலாம். அன்றே வண்டியை ஓட்டுவதானால் பெட்ரோலை நிரப்பிவிடலாம். உட்புறத்தில் பூசும் எப்பாக்சிக் கலவைகளும் கிடைக்கின்றன. ஈரமோ எண்ணெயோ சிறிதும் இல்லாத பரப்பில்தான் அவை ஒட்டும். எத்தனாலைத் தாங்கக் கூடியவை என்று குறிப்பிட்டவற்றையே வாங்க வேண்டும்.

துளை விழுந்துவிட்டால்?

துரு நீங்கிய பிறகு சிலருக்குப் புதுத் தொல்லை தோன்றும். இதுவரை ஒழுகாத தொட்டி ஒழுகும். துருவே அடைப்பாக இருந்து துளையை மறைத்திருக்கும். தண்ணீரை நிரப்பி வெளிப்புறத்தை உலரத் துடைத்துப் பார்த்தால் ஊசித்துளைகள் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு துளைகளானால், ஆவி நீக்கும் முறையறிந்த பட்டறையில் ஈயப் பற்றாசு வைக்கலாம். வெல்டிங் தேவைப்பட்டால், ஆவி நீக்கும் முறையறிந்த பட்டறையிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். 'காலித் தொட்டிதானே, இரண்டு நிமிட வேலை' என்று சொல்லும் பட்டறையில் தொட்டியைக் கொடுக்காமல் திரும்பி வருவதே அறிவுடைமை. தகடு பரவலாக மெலிந்து பல துளைகள் கண்டால், தொட்டியை மாற்றுவதே சிக்கனம். எந்த அமிலமும் எந்த மின்சாரமும், கரைந்துபோன இரும்பைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதில்லை.

உலோக அரிப்பு என்பது ஒரு மோட்டார் சைக்கிளோடு முடியும் சிக்கலன்று. பாலங்கள், கப்பல்கள், கட்டடங்களுக்குள் இருக்கும் கம்பிகள் யாவற்றுக்கும் பொதுவான நோய் அது. 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நீண்ட காலமாக ஆய்வு நடத்தி வருகிறது. அங்கு ஆராயப்படும் விதிகளே நம் வீட்டு வண்டியின் தொட்டிக்குள்ளும் இயங்குகின்றன. நீர், ஆக்சிஜன், இரும்பு மூன்றும் கூடினால்தான் மின்சுற்று முடியும். ஒன்றை விலக்கினால் சுற்று அறுந்துவிடும். மூடியின் வாஷரை மாற்றுவதும், மழைக்காலத்தில் நிற்கும் வண்டியின் தொட்டியை நிரப்பி வைப்பதும், மாதம் ஒருமுறையேனும் வண்டியை ஓட்டி அந்தப் பெட்ரோலைப் புதுப்பிப்பதும் அந்தச் சுற்றை அறுக்கும் எளிய வழிகளாகும்.